வாசல் வரைக்கும் வண்டி

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லக்கூடியவர்கள் இல்லை. டீச்சருக்கு அதுதான் தலைவலி.

ஒருத்தி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். அவள் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்து அழைப்பிதழ்களும் பெயர்ப்பலகைகளும் வடிவமைத்துக் கொடுக்கிற பெண் ஒருத்தி உண்டு. பிறக்கும்போதே நரம்பில் ஏற்பட்ட கோளாறு. கைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் முட்டி மோதித்தான் வெளியே வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை, கடைக்காரியின் கணக்கில் இருக்கிற ஓட்டையெல்லாம் அவள்தான் அடைப்பாள். கடைக்காரி அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவாள், கடைக்கு வருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

"செவ்வாய்க்கிழமை தங்கச்சி ஸ்டேஷனுக்குப் போனா மேடம். அண்ணன்காரன் மாடி ரூம்ல வெச்சுப் பூட்டறான், கை நீட்டறான்னு புகார் சொல்லிட்டு வந்தா. ஆட்டோல திரும்பும்போது எனக்கு போன் பண்ணா. 'அக்கா, உக்கார வெச்சு முழுசா கேட்டாங்க, நாளைக்கே வர்றோம்னாங்க'ன்னு அவ்ளோ சந்தோஷமா சொன்னா. அதோட சரி. போன் அணைஞ்சு கெடக்கு. ஒருத்தரும் வரல. வீட்டுல போய்க் கேட்டா, ஊருக்குப் போயிருக்கான்னு அண்ணி கதவைச் சாத்தறாங்க. உள்ள பெட்டி பெட்டியா கட்டி வெச்சிருக்காங்க. வீடு மாத்தறாங்களாம்."

இது கடைக்காரி சொன்னது. சனிக்கிழமை நிலையத்துக்கே போய்க் கேட்டிருக்கிறாள். மேசையில் இருந்த காவலர் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அப்படி எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார். நிலையச் சுவரில் ஒட்டியிருந்த பயிற்சிச் சுவரொட்டியில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் டீச்சரைக் கூப்பிட்டிருந்தாள்.

இன்னொருவர் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னது ஒரே வரி.

"அப்படி ஒரு புகாரே வரல டீச்சர்."

டீச்சர் இப்போது அவருடைய அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். வைத்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை செருமியது. இன்ஸ்பெக்டரின் முகத்தை அவள் மறுபடியும் பார்த்தாள். மூடி மறைக்கிற முகம் இல்லை அது. அவருக்கே குழப்பமாகத்தான் இருந்தது.

டீச்சர் என்று அந்த நிலையத்தில் எல்லோரும் கூப்பிட்டார்களே தவிர, அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. காவல் நிலையம், அரசு மருத்துவமனை, நீதிமன்றம் என்று பொதுமக்கள் போய் நிற்கிற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. காது கேளாதவர் வந்தால் என்ன செய்வது, சக்கர நாற்காலியில் வருகிறவரோடு எந்த உயரத்தில் இருந்து பேசுவது, துணைக்கு வந்தவரை விட்டுவிட்டு, குறையோடு வந்தவரிடமே கேட்பது எப்படி என்றெல்லாம் சொல்லித் தருவாள். இவையெல்லாம் சட்டத்தில் எழுதித்தான் இருக்கின்றன. ஆனால் சட்டம் புத்தகத்திலிருந்து இறங்கி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியின் கைக்கும் வாய்க்கும் வந்து சேருகிற வழி எது என்பதில்தான் அவளுக்குத் தீராத ஆசை. சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு அடி வாங்கியவள். 'இப்போ ஆபீஸ் ஆபீஸா கழட்டறா' என்று கணவன் கேலி செய்வான்.

அவள் கழற்றி மாட்டியதிலேயே நன்றாக ஓடுகிற ஆபீஸ் இந்த நிலையம்தான். முன்பெல்லாம் இங்கே யாராவது திக்கித் திக்கிப் பேசினால் முதல் கேள்வியே 'குடிச்சிருக்கியா, ஊது' என்பதாகத்தான் இருக்கும். இப்போது முதலில் நாற்காலி வரும், பிறகு தண்ணீர் வரும். மேசைக்காரர் எழுந்து இந்தப் பக்கம் வந்து பக்கத்தில் உட்காருவார். வாக்கியத்தை அவராக முடித்துவைக்க மாட்டார், அது முடியும்வரை காத்திருப்பார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்பார்.

பயிற்சி கொடுப்பதோடு விட்டால் இதெல்லாம் நிலைக்காது என்று டீச்சருக்குத் தெரியும். ஒரு மருத்துவமனையில் கைதட்டி, குழுப் புகைப்படம் எடுத்து, மாலையில் பிரிந்தார்கள். மறுமாதம் போய்ப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று இருந்தது. அதனால்தான் சோதனை ஆட்களை அனுப்ப ஆரம்பித்தாள். மேடை நாடகத்தில் நடிக்கிற ஒரு பெண்ணும் அவள் கூட்டாளிகளும் முன்னறிவிப்பே இல்லாமல் நிலையத்துக்கு வருவார்கள். ஒரு நாள் கண் தெரியாதவராக, ஒரு நாள் வாய் குழறுகிறவராக. புகார் சொல்வார்கள், நடத்துகிற விதத்தைப் பார்ப்பார்கள், வெளியே வந்து டீச்சரிடம் மதிப்பெண் சொல்வார்கள். எந்த நேரமும் யாரும் வரலாம் என்ற நினைப்பு இருந்தால் கை தானாகவே நாற்காலியை இழுத்துப் போடும். அவள் கண்ணால் பார்த்த உண்மை அது.

முதல் மாதம் ஒரு வில்லங்கம் நடந்தது. நாடகக்காரி கொடுத்த பொய்ப் புகாருக்கு எண் போட்டுப் பதிந்துவிட்டார்கள். அது மேலே போய், இல்லாத வீட்டு முகவரிக்கு நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து, இன்ஸ்பெக்டர் எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சோதனைக்கு வந்தவர் கடைசியில் ஒரு பச்சை அட்டையைக் காட்டுவார். எழுதியதை அங்கேயே கிழித்துவிடலாம். எண் இல்லை, பதிவு இல்லை, வண்டி இல்லை. சுத்தமான ஏற்பாடு. டீச்சர் அதை மற்ற ஊர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை மேசையில யார் சார் இருந்தது?"

"நம்ம கணீர்தான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு புதன்கிழமையில இருந்து லீவு. இன்னைக்குத்தான் வந்திருக்கா, ஒரு கேஸ் விஷயமா கோர்ட்டுக்குப் போயிருக்கா. அவ போட்டிருந்தா பதிவுல இருக்கும். அவ எழுத்து கூட்டத்துல தொலைஞ்சாலும் தெரியும்."

கணீர் என்பது அந்தப் பெண் காவலருக்கு நிலையத்தார் வைத்த பெயர். மெதுவாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். பயிற்சியில் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வாங்கியவளும் அவள்தான்.

"அவ கோர்ட்ல இருந்து வர்றதுக்குள்ள ஒரு தடவை அந்த வீட்டை எட்டிப் பார்க்கலாம் இல்ல சார்?"

"எதை வெச்சுப் போறது? பொண்ணு மேஜர். ஊருக்குப் போயிருக்கான்னு வீட்டுக்காரங்க சொல்றாங்க. புகார் கொடுத்த ஆளே இல்ல. கூட வேலை பார்க்கற அம்மா ஒருத்தங்க சொன்னாங்கன்னு நான் ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அவன் என்னைக் கோர்ட்ல நிறுத்துவான்." அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

டீச்சரின் கைப்பேசி அதிர்ந்தது. கடைக்காரி.

"மேடம், லாரி வந்து நிக்குது. சாமான் ஏத்தறாங்க. நான் எதிர் வீட்டுப் படியில நிக்கறேன். என்னைப் பார்த்துட்டான் அவன், பார்த்துட்டுச் சிரிக்கறான். என்ன பண்ணட்டும்?"

"அங்கேயே இருங்க. எதுவும் பண்ணாதீங்க," என்றாள் டீச்சர். சொன்ன பிறகு, எதை நம்பி அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று தெரியாது. இந்த லாரி தெருவைத் தாண்டிவிட்டால், தட்டிக் கேட்கக்கூட ஒரு கதவு இருக்காது.

அப்போதுதான் வெளியே வராந்தாவில் அந்தக் குரல் கேட்டது. "யாரு, மார்க் டீச்சரா உள்ள? சொல்லவே இல்ல!" கையில் கோப்புக் கட்டோடு, வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு கணீர் உள்ளே வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, டீச்சர் பக்கம் திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"எவ்ளோ போட்டீங்க டீச்சர் எனக்கு? முழுசா போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். இந்தத் தடவை அனுப்பினீங்களே ஒரு அம்மா, அடேங்கப்பா! அந்த நாடகக்காரியெல்லாம் இவங்க கால் தூசி பெறமாட்டாங்க. கை நடுங்கறது என்ன, வாய் கோணறது என்ன! நானே ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன்னா பாத்துக்கோங்க."

டீச்சர் தேநீர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நான் யாரையும் அனுப்பலை," என்றாள் டீச்சர்.

"சும்மா இருங்க டீச்சர். கண்டுபிடிச்சிட்டோம்ல, இன்னும் என்ன?"

"இந்த மாசம் நான் யாரையும் அனுப்பலைம்மா."

கணீரின் சிரிப்பு உடனே போகவில்லை. வாயில் அப்படியே நின்றது, கண்ணிலிருந்து மட்டும் முதலில் வடிந்தது. பிறகு கோப்புக் கட்டை மேசையில் வைத்தாள். அது நழுவித் தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

பிறகு அவள் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. நாற்காலி போட்டிருக்கிறாள். தண்ணீர் கொடுத்து, டம்ளரைப் பிடித்துக்கொள்ள உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், அரை மணிக்கு மேல் கேட்டு, தாள் நிறைய எழுதியிருக்கிறாள். அண்ணன் பூட்டுகிற கதை நாடகக்காரி போன தடவை சொன்ன கதையைப் போலவே இருந்தது. அங்கேயே பொறி தட்டியிருக்கிறது. நிலையத்தில் இது ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது. சோதனை ஆளை அட்டை காட்டும் முன்பே கண்டுபிடித்தவருக்கு மற்றவர்கள் தேநீர் வாங்கித் தர வேண்டும். நாடகக்காரியும், பிடிபட்டால் சிரித்து ஒப்புக்கொண்டு போய்விடுவாள். டீச்சருக்கு இது தெரியும். தெரிந்து, வேலையில் கொஞ்சம் கலகலப்பு இருக்கட்டுமே என்று விட்டிருந்தாள்.

"கடைசியில நான் அவங்க காதுகிட்ட போய், 'நல்லா பண்ணீங்கம்மா, டீச்சர்கிட்ட நம்மளைப் பத்தி நல்லபடியா சொல்லுங்க'ன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க டீச்சர். தலையாட்டினாங்க."

"வாய் ஒரு பக்கமா இழுக்குமா?"

"ஆமா."

"அது சிரிப்பு இல்ல. அந்த நரம்புக் கோளாறு இருந்தா முகமே அப்படித்தான் இருக்கும்."

கணீர் சுவரில் சாய்ந்துகொண்டாள். "வழக்கமா சொல்ற மாதிரி நாளைக்கே வர்றோம்னு சொல்லி, நானே ஆட்டோ புடிச்சு ஏத்திவிட்டேன். திரும்பி வந்து எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு டீ குடிச்சேன்."

டீச்சருக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. சக்கரங்கள் எல்லாம் சரியாகத்தான் சுற்றியிருக்கின்றன. நாற்காலி, தண்ணீர், பொறுமை, ஒன்றுகூடத் தவறவில்லை. மரியாதையாக நடத்து என்று அவள் சொல்லிக் கொடுத்ததை இவள் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். நடிப்பவர் வந்தால் வேலையை முடிக்க வேண்டாம் என்பதும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். அதையும் செய்திருக்கிறாள். முன்பு போல் 'ஊது' என்று விரட்டியிருந்தால்கூட அந்தப் பெண் வேறு எங்காவது போயிருப்பாள். நம்பிக்கையோடு வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டாள்.

"சார், இப்போ புகார் கொடுத்த ஆள் இருக்காங்க," என்றாள் டீச்சர். "கேட்ட ஆளும் இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே தொப்பியை எடுத்திருந்தார்.

வண்டி கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முன்னால் ஒரு தண்ணீர் வண்டி நகராமல் நின்றது. ஓட்டுநர் விடாமல் ஒலி எழுப்பினார். பின்இருக்கையில் கணீர் முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் தோளைத் தொட நினைத்து, தொடவில்லை. ஆறுதல் சொல்கிற தகுதி தனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

லாரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பின்கதவு மூடிக் கொக்கி மாட்டியாகிவிட்டது. கடைக்காரி எதிர்ப்படியிலிருந்து பாய்ந்து வந்து, "இன்னும் அவ வெளிய வரல. நான் கண்ணை எடுக்கல," என்றாள்.

அண்ணன் வாசலுக்கு வந்தான். தேய்த்த சட்டை, அமைதியான முகம், பேச்சில் ஒரு குழைவு. "வாங்க சார், வாங்க. உக்காரச் சொல்ல நாற்காலிகூட இல்ல, எல்லாம் ஏத்தியாச்சு. தங்கச்சி விஷயமா? அவ எங்க சித்தப்பா வீட்டுல இருக்கா. நாங்க போற வழியில கூட்டிக்குவோம்."

"சித்தப்பா நம்பர் குடுங்க."

"அவர் போன் வெச்சுக்க மாட்டார் சார், பழைய காலத்து ஆள்." கொஞ்சம் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்ஸ்பெக்டரிடம் மட்டும் பேசுகிறவனைப் போல, "அவ சொல்றதை நீங்க நம்பியிருக்கீங்க போல. அவளுக்குக் கற்பனை ஜாஸ்தி சார், குழந்தை மாதிரி. போன வாரம் உங்க ஸ்டேஷனுக்கு வந்திருக்கா. ஆட்டோக்காரர்தான் சொன்னார், உள்ள இருந்த போலீஸ்காரம்மா சிரிச்சுப் பேசி ஏத்தி அனுப்பினாங்கன்னு. நீங்களே அதைப் பெருசா எடுத்துக்கல. இப்போ திடீர்னு என்ன?"

கணீருடைய காது மடல்கள் சிவந்தன. அவள் அவனைத் தாண்டி இரண்டடி உள்ளே போய், காலியான கூடத்தின் நடுவில் நின்று, முகத்தை மேலே தூக்கி, தன்னிடம் இருக்கிற குரலையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"அம்மா! நான் அன்னைக்கு ஸ்டேஷன்ல உங்களோட பேசினவ. நீங்க மேல இருக்கீங்களா?"

வெற்றுச் சுவர்களில் மோதி அந்தக் குரல் மாடிப்படியில் ஏறியது. பதில் இல்லை.

"நான்தான் சொன்னேனே, அவ..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

கணீர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினாள். அவன் நிறுத்தினான். மேலே எதுவும் அசையவில்லை. வெளியே லாரி ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறும் சத்தம் கேட்டது. அண்ணி சமையலறை வாசலில் ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, திரும்பலாமா என்பதுபோல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இல்லை என்று தலையசைத்தாள். சாதாரணமாக ஒருவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது. அவள் முதலில் உடம்பைச் சமாதானப்படுத்த வேண்டும், பிறகு மூச்சைத் திரட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் வார்த்தை.

"சார், எங்களுக்கு நேரமாகுது..."

"பேசாதீங்க," என்றாள் கணீர். கத்தவில்லை.

மேலேயிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது. மரத்தை ஏதோ உரசுவதுபோல. பிறகு குரல். ஒவ்வொரு எழுத்தையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல.

"இ...ருக்...கேன்."

கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அண்ணனின் குழைவு அதற்கும் போகவில்லை. விழுந்துவிடுவாள் என்று பாதுகாப்புக்காகப் பூட்டினேன் என்றான், சாவி லாரியில் போய்விட்டது என்றான். இன்ஸ்பெக்டர், "அப்போ பூட்டை உடைச்சுக்கறேன்," என்று படியில் கால் வைத்ததும், அண்ணி பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். கணவனைப் பார்க்காமல் நீட்டினாள். அவன் அவளைப் பார்த்த பார்வையை டீச்சர் பார்த்தாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

தங்கச்சி கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஒரு பக்கம் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தெரியாதவர்களுக்கு அது சிரிப்புதான்.

அன்று மாலை நிலையத்தில், அதே நாற்காலியில் அவள் உட்கார, கணீர் எழுதினாள். இந்தத் தடவை எண் போட்டு, அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லி, கடைக்காரியின் கைப்பேசியிலும் ஏற்றினாள். உள்ளே ஓர் அறையில் அண்ணன் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தான். நாளைக்கு எது எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. எழுதி முடித்ததும் கணீர் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். தேநீர்ப் பந்தயம் உட்பட. டீச்சர் பக்கத்தில் வந்து, "அந்த ஏற்பாடு என்னோடது," என்றாள்.

தங்கச்சி மூச்சைத் திரட்டினாள். பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அன்னைக்கு... நீங்க... முழுசா கேட்டீங்க. எங்க வீட்டுல... யாரும்... இதுவரைக்கும்... முழுசா கேட்டதில்ல." மூச்சு வாங்கினாள். "அதனாலதான்... கோவம்... இன்னும் ஜாஸ்தியா வருது."

கணீர் தலை குனிந்தாள்.

"அடுத்து... ஒருத்தி வருவா. அவ... நெசமா, வேஷமான்னு... எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "இனிமே சோதனையே வேண்டாம் டீச்சர். நிறுத்திடுவோம். வர்றவங்க எல்லாரும் நெசம்தான்னு ஆயிடும்."

"நிறுத்தினா அடுத்த மாசமே இந்த நாற்காலி உள்ளே போயிடும் சார். உங்களுக்கே தெரியும்."

"அப்போ, சந்தேகம் வந்தா ஒரு அடையாள அட்டை கேக்கலாம்," என்றாள் கணீர். "டாக்டர் சர்டிபிகேட் மாதிரி எதாவது."

தங்கச்சி அவளைப் பார்த்த பார்வையிலேயே கணீருக்கு விளங்கிவிட்டது. பூட்டிய அறையிலிருந்து தப்பி ஓடி வருகிறவள் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டா வருவாள்? "ஐயோ, வேண்டாம்," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

டீச்சர் நாற்காலியில் முன்னும் பின்னுமாக அசைந்தாள். ஏதாவது ஒன்றைக் கழற்றும்போது அவளுக்கு வருகிற பழக்கம் அது. எல்லோரும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. நிஜத்தையும் வேஷத்தையும் எப்படிப் பிரிப்பது என்றே எல்லோரும் யோசிக்கிறார்கள். ஏன் பிரிக்க வேண்டும்? மனிதர்கள் ஊகிக்கத்தான் செய்வார்கள், ஊகிக்காதே என்று எந்தப் பயிற்சியாலும் மண்டைக்குப் பூட்டுப் போட முடியாது. கெடுதல் ஊகத்தில் இல்லை. ஊகம் சரி என்றால் வேலை மிச்சம் என்று வைத்தோமே, அங்கேதான் கெடுதல். ஊகத்தால் ஒரு லாபமும் இல்லாமல் செய்துவிட்டால், அது வெறும் ஊகமாகவே கிடந்துவிட்டுப் போகட்டும்.

"கண்டுபிடிக்க வேண்டாம்," என்றாள். "பச்சை அட்டை இனிமே ஸ்டேஷனுக்குள்ள வராது. என் ஆள் வந்தாலும் எண் போடணும், வண்டி கிளம்பணும், சொன்ன வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டணும். அந்த வீட்டை நான் வாடகைக்கு எடுத்து வெச்சுக்கறேன். வேஷமா இருந்தா, அந்தக் கதவைத் திறக்கறவங்க சொல்வாங்க. அதுக்கு முன்னாடி யாரும் சொல்ல மாட்டாங்க."

"அந்த எண்? போன தடவை மாதிரி கோர்ட்ல இருந்து ஆள் வந்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வாசல்ல இருந்து திரும்பின அன்னைக்கே நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டு ரத்துப் பண்ணி மேலே அனுப்பறோம். அதுக்கு அனுமதி வாங்கறது என் பொறுப்பு. எத்தனை தடவை நடந்தாலும் சரி."

"சும்மா போய்ட்டு வர்ற வண்டிக்கு டீசல் யார் போடறது?"

"போன வாரம் போகாத வண்டிக்கு என்ன செலவாச்சு சார்?"

தங்கச்சி மெதுவாகத் தலையை அசைத்தாள். அது ஒப்புதல்தானா, கழுத்து தானாக அசைந்ததா என்று தெரியாமல் கணீர் கேட்டாள்: "சரின்னு சொல்றீங்களா அம்மா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"சரி," என்றாள் தங்கச்சி.

அனுமதி வாங்க டீச்சர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். மற்ற ஊர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பழைய ஏற்பாட்டை, ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு, அதனால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லி, திரும்பப் பெற்றாள். அது முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு பிற்பகல், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசி அடித்தது. இன்ஸ்பெக்டர். பின்னால் வண்டியின் இரைச்சல்.

"டீச்சர், ஒரு பெரியவர் வந்திருக்கார். கண்ணு தெரியல. மருமகன் அடிக்கறான்ங்கறார். எண் போட்டாச்சு, அவரை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிட்டு கணீரும் நானும் அவர் சொன்ன வீட்டுக்குப் போய்ட்டிருக்கோம். சரியான மேடு பள்ளம், வண்டி அச்சு முறிஞ்சிடும் போல. கணீர் ஆளு வேஷம்தான்னு சத்தியம் பண்றா. எனக்கென்னவோ நெசம்னு படுது. சும்மா சொல்லுங்களேன், உங்க ஆளா?"

டீச்சர் உதடுவரை வந்த பதிலை விழுங்கினாள்.

"கதவைத் தட்டிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல, தெருவுக்குள்ள நுழையறோம்."

"தட்டிட்டுக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அழைப்பைத் துண்டித்தாள்.